மார்ச் பதினான்காம் தேதிக்குக் கேசரியா, தாளிக்காத சுண்டலா?

இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதெல்லாம் ஸ்டோர் ரூம் டப்பாக்களில் ஒட்டிய ‘ரவை’, ‘கடலை மாவு’, ‘இதில் கை வைக்காதே’ என்கிற சீட்டுகள்தான். வாக்கியம் எந்த இடத்தில் முடியும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மூச்சு வாங்குகிற இடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு போகிறேன். மறதியும் உண்டு. நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பால் வாங்கக் கடைக்குப் போனேன்.

எழுதச் சொன்னது, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடக் கேன்டீனில் இப்போது இருக்கிற பெண்கள். போன வாரம் போன் போட்டார்கள்.

“பேச்சியக்கா, ஜனவரி எட்டாம் தேதி போர்டுல ஒரு விஞ்ஞானி பொறந்த நாளும் இன்னொருத்தர் இறந்த நாளும் சேர்ந்து வருது. ரெண்டும் ஒண்ணா வந்தா நீங்க அந்தக் காலத்துல என்ன செய்வீங்க?”

ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல. நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தனை பேர் கேட்க எனக்குப் பேச வராது. “எழுதித் தாரேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பேசுவதைவிட எழுதுவது கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

என் ஊர் செட்டியார்பட்டி. கல்யாணத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டினேன். பஞ்சுத் தூசு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் வந்தது. பொறவு இந்தப் பள்ளிக்கூடக் கேன்டீனில் சேர்ந்தேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ். முதலில் வெங்காயம் உரிக்க விட்டார்கள். அப்புறம் தேங்காய் துருவ விட்டார்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் கையில் கரண்டி வந்தது. கற்றுக்கொண்ட கதை அம்புட்டுதான்.

கரண்டியைக் கொடுத்தவர் எங்கள் கேன்டீன் மேற்பார்வையாளர். வத்திராயிருப்புக்காரர், பட்டாளத்தில் மெஸ் பார்த்துவிட்டு ரிட்டயர் ஆனவர். எல்லாருக்கும் அவர் ஹவில்தார் ஐயா. சமையலறைக்குள் பாலிஷ் போட்ட பூட்ஸோடு நடப்பார். காலையில் நாங்கள் கரண்டிகளைத் துடைத்து வரிசையாக மேஜையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கீழே வைக்கும்போது தலையை லேசாக ஆட்டுவார். கரண்டிக்கு ஏதோ பதக்கம் கொடுத்த மாதிரி இருக்கும்.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. கேசரி கிண்டி முடித்ததும் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். நாங்கள் மூச்சு விட மாட்டோம். நன்றாக இல்லை என்றால் “எதிரிக்குக் கொடுக்கலாம்” என்பார். நன்றாக இருந்தால் “நம்ம ஆளுகளுக்கே கொடுக்கலாம்” என்பார். நல்லா இருக்கு என்கிற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை.

கேசரிக்கு அவர் வைத்திருந்த முறை இது. ரவையை நெய்யில் வறுக்கும்போது நிறத்தைப் பார்க்கக் கூடாது, வாசனையைத்தான் பார்க்க வேண்டும். நிறம் மாறுகிறவரை நின்றால் ரவை கருகிப் போகும். தண்ணீர் தனியாகக் கொதித்து நிற்க வேண்டும். ஒருத்தி ஊற்ற, ஒருத்தி கிண்ட வேண்டும். ரவை முழுசாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே சர்க்கரையைப் போட்டால் ரவை அப்படியே நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் வேகாது. கடைசியில் நெய் சட்டியின் ஓரத்தில் பிரிந்து வரும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு ஐயாவைக் கூப்பிட வேண்டும்.

கேன்டீனில் நாங்கள் மூன்று பெண்கள். நான், ஜைத்தூன், ராமலட்சுமி அக்கா. ஜைத்தூன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, வாய் சும்மா இருக்காது. ராமலட்சுமி அக்கா எங்களுக்கு மூத்தவர். எந்தச் சடங்குக்கு எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாது என்று அவரிடம்தான் தெருவே கேட்கும்.

இப்படி இருக்கும்போது ராஜபாளையத்திலிருந்து ஒரு கணக்கு மிஸ் வந்து சேர்ந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கோபம் வந்தால் மட்டும் வாயில் தெலுங்கு வரும். அவர் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து கேன்டீன் வாசலுக்கு எதிரே மாட்டினார். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது வேறு வழியில்லாமல் படிப்பார்கள் என்று அந்த இடத்தைப் பார்த்து மாட்டினாராம். மேலே ‘இன்று’ என்று எழுதித் தேதி போடுவார். அதற்குக் கீழே அன்றைக்கு எந்த விஞ்ஞானி பிறந்தார், எந்தக் கணித மேதை இறந்தார், என்ன கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவார்.

முதல் நாளே ஹவில்தார் ஐயா அதன் முன்னால் நின்று முழுசாகப் படித்தார்.

“மிஸ், இது யாருக்கு ஆர்டர்?”

“ஆர்டர் இல்லீங்க ஐயா. தகவல்.”

“போர்டுல தேதி போட்டு எழுதி, சமையக்கட்டுக்கு எதிரே மாட்டுனா அது ஆர்டர்தான்.”

அன்றிலிருந்து போர்டில் பிறந்த நாள் என்று இருந்தால் பதினோரு மணி இடைவேளைக்குக் கேசரி. கண்டுபிடிப்பு என்று இருந்தால், அந்த மாதம் செய்யாத புதுப் பலகாரம் ஒன்று. இறந்த நாள் என்று இருந்தால் என்ன செய்வது என்று ஐயாவுக்குத் தெரியவில்லை. ராமலட்சுமி அக்காவைப் பார்த்தார்.

“துக்க வீட்டுல தாளிக்க மாட்டோம்லா” என்றார் அக்கா.

அதோடு அது சட்டமாகிவிட்டது. இறந்த நாளுக்கு வெறும் சுண்டல். கடுகு வெடிக்கக் கூடாது, கருவேப்பிலை பொரியக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை, கேன்டீனுக்குப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பத்தரை மணிக்குத் தாளிக்கிற சத்தம் கேட்கவில்லை என்றால், “ஏலே, இன்னைக்கு யாரோ செத்துட்டாங்க” என்று பெஞ்சுக்குப் பெஞ்சு செய்தி போகும்.

போர்டில் வந்த பெரியவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு எழுத்து கூடக் குறைய ஆனால் மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். சமையலறையில் நாங்கள் வைத்திருந்த பெயர்களையே சொல்கிறேன். மரியாதைக் குறைவு இல்லை, எல்லாருக்கும் ஐயா போட்டுத்தான் சொல்வோம்.

பிப்ரவரி இருபத்தெட்டு, நம் நாட்டு விஞ்ஞானி ஒருவர் ஒளியைப் பற்றிக் கண்டுபிடித்த நாள். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்துத்தான் அவர் அந்த வழியில் போனாராம். ‘நீலம்’ என்று போர்டில் பார்த்ததும் ஹவில்தார் ஐயா, பலகாரமும் நீலமாக இருக்க வேண்டும் என்றார்.

“நீலத்துக்கு எங்க போக? வெள்ளை வேட்டிக்குப் போடுற சொட்டு நீலம்தான் இருக்கு. ஊத்தட்டுமா?” என்றாள் ஜைத்தூன்.

கடைசியில் காம்பவுண்டுச் சுவரில் படர்ந்திருந்த சங்குப்பூவைப் பறித்து ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து இடியாப்பம் பிழிந்தோம். நல்ல நீலம். அதை உதிர்த்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன் பாருங்கள், நீலமெல்லாம் என் கண் முன்னாலேயே ரோஸாக மாறிவிட்டது. நான் சட்டியை விட்டு ஓடிப்போய் ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டேன். ஹவில்தார் ஐயா கையை விரித்து, “யாரும் கிட்ட வராதீங்க! ஏதோ ஆயிட்டு!” என்று எல்லாரையும் பின்னால் தள்ளினார். மிஸ் வந்து பார்த்துக் கைதட்டினார். புளிப்பு பட்டால் அந்தப் பூவின் நிறம் அப்படி மாறுமாம். பிள்ளைகள் இன்னும் எலுமிச்சம்பழம் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஐயா ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்று, “இது எதிரியைக் குழப்பக் கொடுக்கலாம்” என்றார்.

இன்னொரு தடவை ஆப்பிள் ஐயாவால் சண்டை. ஆப்பிள் விழுவதைப் பார்த்துக் கணக்குப் போட்டவர். அவர் நாட்டுப் பழைய காலண்டர்படி அவர் பிறந்தது டிசம்பர் இருபத்தைந்து, இப்போதைய காலண்டர்படி ஜனவரி நாலு என்று மிஸ் சொன்னார்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு பொறந்த நாளா? பட்டாளத்துல இப்படிச் சொன்னா பென்ஷன் வராது மிஸ்” என்றார் ஐயா.

ஜைத்தூன் விடவில்லை. “எனக்கு ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு, எங்கம்மா சொன்னது ஒண்ணு. எனக்கு எந்த நாள்ல யாரு கேசரி கிண்டுனா?”

டிசம்பர் இருபத்தைந்து எப்படியும் லீவு. அதனால் ஜனவரி நாலுக்கே கிண்டினோம். அந்தக் கேசரியை ஜைத்தூன் பெயருக்கும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஐயா உத்தரவு போட்டார். அவளுக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

இனி அந்த மார்ச் பதினான்காம் தேதிக்கு வருகிறேன். வருஷம் சரியாக நினைவில்லை, கொரோனாவுக்குப் பிறகுதான்.

பள்ளிக்கூடத்தின் தாளாளர் ஒரு அம்மா. எல்லாரும் பெரியம்மா என்போம். அவருடைய மகன் பெங்களூரிலிருந்து வந்து நிர்வாகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவரைச் சின்னவர் என்போம். தங்கமான மனுஷர்தான், ஆனால் அவருக்கு எல்லாமே பெட்டியில் வர வேண்டும். மார்ச் மாதம் பிறந்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

“சமையலறை எல்லாம் எதுக்கு? புகை, பாத்திரம், தண்ணிச் செலவு. பேக்கரில சொன்னா பப்ஸும் கேக்கும் பெட்டியில வந்திரும். பதினாலாம் தேதி அறிவியல் மன்ற விழாவுக்குப் பேக்கரி கேக் ஒண்ணு சாம்பிளுக்கு வருது. நீங்களும் செய்யுங்க. அம்மாவும் வாராங்க. அன்னைக்கே முடிவு பண்ணிருவோம்.”

ஜைத்தூனுடைய மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். ராமலட்சுமி அக்கா தனி ஆள், வேறு வருமானம் கிடையாது. நான் திரும்பப் பேண்டேஜ் கம்பெனிக்குப் போனால் இந்த வயதில் என்னையே சுருட்டி வைத்துவிடுவார்கள். ஹவில்தார் ஐயாவுக்குப் பென்ஷன் வரும்தான். ஆனால் அன்றைக்கு அவர் பூட்ஸ் சத்தமே கேட்கவில்லை.

இதற்கு மேல், பதினான்காம் தேதிக்கு மிஸ் என்ன எழுதப் போகிறார் என்று கேட்டோம். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அன்றைக்கு வட்டத்தின் நாளாம். வட்டத்தைச் சுற்றி அளந்து, குறுக்கே அளந்து, வகுத்தால் வருகிற எண்ணுக்குத் தனியாக ஒரு நாள். மூன்று புள்ளி ஒன்று நாலு என்பதால் மூன்றாம் மாதம் பதினாலாம் தேதி. அதே நாளில் முடி ஐயா பிறந்திருக்கிறார். தலைமுடி சிலுப்பிக்கொண்டு நிற்கிற படத்தில் இருப்பாரே, ஜெர்மனியில் பிறந்தவர். அதே நாளில் நாற்காலி ஐயா இறந்திருக்கிறார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே வானத்தைப் பற்றி எழுதிய இங்கிலாந்துக்காரர்.

“நம்ம ஊர்ல தேதியை முன்னாலயும் மாசத்தைப் பின்னாலயும்தானே எழுதுவோம்? அப்பம் இது அமெரிக்காக்காரன் நாள்லா?” என்றார் ஹவில்தார் ஐயா. எப்படியாவது ஒன்றைக் குறைத்துவிடலாம் என்று பார்த்தார்.

“அதுக்கு ஜூலை இருபத்திரெண்டு இருக்கு ஐயா. இருபத்திரெண்டின் கீழ் ஏழு” என்றார் மிஸ். “ஆனா ஜூலையில கேன்டீன் இருக்குமான்னு தெரியாதே.”

அது உண்மைதான். வட்டத்துக்கு எல்லாமே வட்டமாகச் செய்துவிடலாம். ஆனால் பிறந்தவருக்குக் கேசரி, இறந்தவருக்குத் தாளிக்காத சுண்டல். இரண்டும் ஒரே அடுப்பில், ஒரே நாளில், முடிவு எடுக்கிறவர்கள் கண் முன்னால். கேசரி வைத்தால் இறந்தவருக்கு மரியாதை இல்லை. சுண்டல் மட்டும் வைத்தால் கேக்குக்கு முன்னால் நாங்கள் தோற்றோம்.

முந்தின நாள் ராமலட்சுமி அக்கா ஒரு வழி சொன்னார். “செத்தவியளுக்குத் தேதியா பாப்பாக? திதில்லா பாக்கணும்!”

ஐயா போனில் பஞ்சாங்கத்தைத் தேடினார். நாற்காலி ஐயா இறந்தது தேய்பிறையில், அமாவாசைக்குக் கொஞ்சம் முன்னால். அந்த வருஷம் பதினான்காம் தேதி வளர்பிறை.

“அப்பம் நாளைக்கு அவிய நாளே இல்ல! கேசரி கிண்டுங்க!” ஐயா பூட்ஸைத் தட்டி நின்றார்.

ரவை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்த ஜைத்தூன் பாதியில் நின்றாள். “ஐயா, செத்தவருக்குத் திதி பாத்தா, பொறந்தவருக்கு நட்சத்திரம் பாக்கணும்லா?”

பார்த்தால் முடி ஐயாவின் நட்சத்திரமும் நாளைக்கு இல்லை. இருந்த கேசரியும் போச்சு. எங்கள் கையில் வட்டம் மட்டும் மிஞ்சியது.

இந்த நேரம் பார்த்து மிஸ் உள்ளே வந்தார். ஐயாவின் போனில் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். “ஏமி இதி!” என்று ஒரு சத்தம். “அறிவியல் மன்றத்துக்குப் பஞ்சாங்கமா? போர்டுல போட்ட தேதி போட்டதுதான். ரெண்டு பேருக்கும் நாளைக்குத்தான்.”

எங்களைப் பார்த்தவருக்கு மனசு இளகிவிட்டது. ஜைத்தூன் ரவை டப்பாவைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“வருஷ திதிக்கு நீங்க உங்க வீட்டுல என்ன செய்வீங்க? அதையே செய்யுங்க” என்றார் மிஸ்.

“வருஷ திதியா? அதுக்கு வடை பாயசத்தோட சமைப்போமே. தாளிக்கவும் செய்யலாம்” என்றார் ராமலட்சுமி அக்கா.

ஜைத்தூன் டப்பாவைக் கீழே வைத்தாள். “யக்கா! அப்பம் இத்தனை நாளா எங்களைத் தாளிக்க விடாம வச்சிருந்தியே?”

“துக்க வீட்டுல என்ன செய்வோம்னுதானே அன்னைக்குப் பேச்சு வந்துச்சு. வருஷ திதியைப் பத்தி யாரு கேட்டா?” என்றார் அக்கா, கொஞ்சமும் அசராமல். “ஆனா ஒண்ணு. முதல்ல காக்காவுக்கு வைக்கணும். காக்கா எடுத்த பொறவுதான் மனுசங்க வாயில வைக்கணும்.”

மிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி. பறவைகளுக்கு உணவுன்னு நிகழ்ச்சி நிரல்ல போட்டுக்கிறேன்.”

மறுநாள் எல்லாம் வட்டம்தான். வடை, குழிப்பணியாரம், அப்பளம். கேசரியைக் கூடக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்தோம். மிஸ் பிள்ளைகளிடம் நூலைக் கொடுத்து வடையைச் சுற்றியும் குறுக்கேயும் அளந்து வகுக்கச் சொன்னார். நூலெல்லாம் எண்ணெய். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விடை வந்தது. மைதானத்தில் பந்தல் போட்டு, இரண்டு பெரியவர்களின் படத்தையும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். முன்னால் மேஜையில் பேக்கரி கேக், சின்னக் கட்டில் அளவு. நடுவில் செர்ரிப் பழம், மெழுகுவர்த்தி. பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹவில்தார் ஐயா தண்ணீர்த் தொட்டி மேல் வாழை இலையை விரித்து, வடையும் கேசரியும் வைத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

காக்கா வரவில்லை.

அக்காவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. ஐயா கூப்பிட்டார். அது கூப்பிடுகிற மாதிரி இல்லை, அணிவகுப்புக்கு உத்தரவு மாதிரி இருந்தது. மரத்தில் இருந்த இரண்டு காக்காவும் பறந்து போய்விட்டன.

“கொஞ்ச நேரத்துல கேக்கை வெட்டணும், கிரீம் உருகுது” என்றார் சின்னவர்.

ஜைத்தூன் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். “ஏட்டி பேச்சி, நீ கூப்பிடு. உங்க வீட்டுல தினமும் வைப்பியே!”

அம்புட்டுப் பேர் முன்னால் நான் என் பெயரைக் கூடச் சொன்னதில்லை. ஆனால் அவள் என் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. முந்தானையால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு, “கா… கா…” என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். முன் வரிசையில் ஒரு பிள்ளை சிரித்துவிட்டு, எனக்கு உதவியாக “கா!” என்றது. அவ்வளவுதான், பள்ளிக்கூடம் முழுக்க “கா கா” என்று கத்த ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் போன பைக்குகள் நின்று பார்த்தன. சுற்று வட்டாரத்தில் ஒரு குருவி கூட மிச்சமில்லை.

மிஸ் மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் எழுந்து நில்லுங்க. மறைந்த விஞ்ஞானிக்கு மௌன அஞ்சலி.”

ஒரே அமைதி. அந்த அமைதியில்தான் அது வந்தது. கழுத்துச் சாம்பல் நிறமான ஒரு தடித்த காக்கா. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தது. எங்கள் வடையைப் பார்த்தது. கேசரியைப் பார்த்தது. தலையைச் சாய்த்து இன்னொரு கண்ணாலும் பார்த்தது. ராமலட்சுமி அக்கா கும்பிட்டார்.

காக்கா அங்கிருந்து எழும்பி, எங்கள் தலைக்கு மேலே பறந்து, நேராகப் போய்க் கேக்கின் நடுவில் இறங்கியது. செர்ரியை விழுங்கியது. ஒரு வாய் கிரீமோடு கேக்கைக் கொத்தி எடுத்துக்கொண்டு பறந்தது.

சின்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தீங்களா! காக்காவுக்கே கேக்குதான் பிடிக்குது. வேற என்ன முடிவு வேணும்?”

அதுவரை பிடித்திருந்த என் கையை ஜைத்தூன் விட்டாள். ஹவில்தார் ஐயா மட்டும் விறைப்பு மாறாமல் நின்றார், ஆனால் மீசை ஆடியது.

பெரியம்மா சிரிக்கவில்லை. “ஏலே, கொஞ்சம் சும்மா இரு. ஐயா, இப்பம் காக்கா எடுத்தது யாரு பேருக்கு?”

“இறந்தவர் பேருக்கும்மா. நாற்காலி ஐயா பேருக்கு” என்றார் ஹவில்தார் ஐயா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவிய இங்கிலாந்துக்காரவியம்மா. கேக்குதானே கேப்பாக” என்றார்.

“அதான் பாத்தேன். வடையும் கேசரியும் இருக்க, தனக்கு வேணுங்கறதைத் தேடி எடுத்துக்கிட்டுப் போயிட்டாக.” பெரியம்மா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “அப்பம் இனி கேக்கு திதிக்கு வைக்கிறது. அதுல மெழுகுவர்த்தி ஏத்தி ஊதி, இம்புட்டுப் பிள்ளைகளும் கைதட்டிப் பொறந்த நாள் பாட்டுப் பாடணுமா? விளங்குமா?”

“அம்மா, அது வெறும் காக்கா!”

“காக்காதான். எங்கப்பா திதிக்குக் காக்கா வந்தப்பம் நீ தாத்தான்னு கும்பிட்டியா இல்லையா?”

சின்னவர் மெழுகுவர்த்தியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பொறந்த நாளுக்குக் கேசரி, இறந்த நாளுக்குக் கேக்கு. அம்புட்டுதான்” என்றார் பெரியம்மா. நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாதி பிழைத்தோம். ஆனால் மீதிப் பாதி?

சின்னவர் அதைப் பிடித்துக்கொண்டார். “அப்ப பாதி நாளு பேக்கரி, பாதி நாளு சமையலறை. பாதி நாளுக்கு எதுக்கும்மா மூணு ஆளு?”

“பாதி இல்லை சார்” என்றது ஒரு குரல். மிஸ்தான். மைக் இன்னும் அவர் கையில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. “இறந்தவங்க எல்லாருக்கும் ஒரு பிறந்த நாள் இருக்கு. ஆனா பிறந்தவங்க எல்லாருக்கும் இறந்த நாள் இன்னும் வரல. எத்தனையோ விஞ்ஞானிங்க உயிரோட இருக்காங்க. அதனால எப்பப் பாத்தாலும் பிறந்த நாள்தான் சார் அதிகமா இருக்கும்.”

சின்னவர் விரலை மடக்கிப் பார்த்தார். பெரியம்மா மடக்காமலே புரிந்துகொண்டார். “அப்பம் மூணு ஆளும் இருக்கட்டும். ஐயாவும் இருக்கட்டும். எனக்கு ஒரு கேசரி கொண்டா.”

ஹவில்தார் ஐயா கேசரித் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். பெரியம்மா ஒரு வாய் சாப்பிட்டு, என்ன ஐயா, எப்படி இருக்கு என்று அவரையே கேட்டார். அவரும் ஒரு ஸ்பூன் போட்டு, கண்ணை மூடி, வெகு நேரம் நின்றார்.

“நல்லா இருக்கும்மா” என்றார்.

அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். ஜைத்தூன் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்து, “காக்கா கொத்தின பக்கம் போக மீதிக் கேக்கை எனக்குத் தாரீகளா, மகளுக்குக் கொண்டுபோறேன்” என்று கேட்டாள்.

ஆகவே, கேன்டீன் பிள்ளைகளா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஜனவரி எட்டில் பிறந்தவர் அதே நாற்காலி ஐயா. அவருக்குக் கேசரி கிண்டுங்கள், சர்க்கரையை முன்னால் போட்டுவிடாதீர்கள். அன்று இறந்தவர் தொலைநோக்கியால் வானம் பார்த்த இத்தாலி ஐயா. அவருக்குக் கேக். இரண்டையும் ஒன்றாகவே வைக்கலாம், முதலில் காக்காவுக்கு. யாரும் கத்த வேண்டாம், பேசாமல் நின்றாலே வரும்.

கணக்கு மிஸ் இதைப் படித்தால், தேதிகளை ஒரு தடவை சரிபார்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறேன். முக்கியமாக, இறந்தார் என்று போர்டில் எழுதுகிறவர் நிஜமாகவே இறந்துவிட்டாரா என்று யாராவது நன்றாகப் பார்த்துவிடுங்கள். ஆர்டர் கொடுத்த கேக்கைப் பேக்கரியில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.